உளநல ஆலோசகர்: பயிற்சியும் உரிமமும்

(அரசு அலுவலர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பேருந்து ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துத் தருபவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருத்தல் வேண்டும். வழக்குரைஞரின் பெயர் பார் கவுன்சிலின் பதிவேட்டிலும், மருத்துவரின் பெயர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆனால், மனம் உடைந்த ஒருவர் தம் வாழ்வின் மிக மறைவான செய்திகளை யாரிடம் நம்பிச் சொல்கிறாரோ, அந்த உளநல ஆலோசகருக்கு மட்டும் இத்தகைய பொதுப் பதிவேடு நெடுங்காலமாக நாட்டில் இருந்ததில்லை. சில வார வகுப்பின் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியவரும், இரண்டாண்டு முதுகலைப் படிப்பையும் மருத்துவமனைப் பயிற்சியையும் முடித்தவரும் ஒரே வகைப் பெயர்ப் பலகையின் கீழ் அமர முடிந்தது. உதவி நாடிச் செல்பவருக்கு இருவரையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை.

இந்நிலை இப்போது மாறத் தொடங்கியுள்ளது. அம்மாற்றம் எத்திசையில் செல்லுதல் நலம் என்பதே இவ்வுரையின் பொருளாகும். தரத்தை உயர்த்துதல் என்றவுடன் படிப்பின் ஆண்டுகளைக் கூட்டுவதே வழி எனப் பலரும் எண்ணுவர். படிப்பு இன்றியமையாததே. ஆயினும், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பெற்ற செய்முறைப் பயிற்சியும், தம்மால் இயலாதது எது என்று அறிந்து உரியவரிடம் அனுப்பி வைக்கும் தெளிவுமே ஆலோசகரின் தகுதிக்கு உயிர்நாடியாகும். உரிமம் வழங்கும் முறை இவ்விரண்டையும் அளந்து பார்க்குமாயின் அது மக்களைக் காக்கும். இல்லையேல் மற்றொரு சான்றிதழாக நின்றுவிடும்.

பணி வளர்ந்த வரலாறு

ஆலோசனைப் பணி இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53-இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் மாணவர்க்கு வழிகாட்டும் பணி இடம்பெற வேண்டும் என வலியுறுத்தியது. 1954-இல் கல்வி மற்றும் தொழில் வழிகாட்டுதலுக்கான மத்தியப் பணியகம் தோற்றுவிக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், கணவன் மனைவியரிடையே இணக்கம் காண உதவும் ஆலோசகர்களுக்குச் சட்டத்திலேயே இடமளித்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பரவியபோது, தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என வழங்கும் பரிசோதனை மையங்களில் ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர். 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசகர்களைக் கொணர்ந்தது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையில் 14416 என்னும் எண்ணை அழைத்தால், இரவு பகல் எந்நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர் கட்டணமின்றிச் செவிமடுக்கிறார்.

அண்மையில், 2025 ஜூலை 25 அன்று, மாணவர் தற்கொலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டும் என்பது அந்நெறிமுறைகளுள் ஒன்று.

இவ்வாறு ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்ப ஆலோசகர்களைத் தோற்றுவித்தது. தகுதியையும் பயிற்சியின் அளவையும் தானே வகுத்துக்கொண்டது. நீதிமன்றத்தின் ஆலோசகர் ஒரு வகை, மருத்துவமனையின் ஆலோசகர் மற்றொரு வகை, பள்ளியின் ஆலோசகர் வேறொரு வகை என்றாயிற்று. பணியின் பெயர் ஒன்று. பின்னணியில் உள்ள பயிற்சியோ பலவாகும்.

தேவையும் இடைவெளியும்

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டிற்கு ஆளாகியிருப்பதைக் கண்டறிந்தது. குறைபாட்டின் தன்மைக்கேற்ப, அவர்களுள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சை பெறாதவராகவே இருந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். அவர்களுள் 13,044 பேர் மாணவர்.

மனநல மருத்துவர்களைக் கொண்டு மட்டும் இத்தேவையை நிறைவு செய்தல் இயலாது என்பது தெளிவு. எனவே ஆலோசகர்கள் பெருந்தொகையினராய்த் தேவைப்படுகின்றனர். இங்குதான் சிக்கல் எழுகிறது. தேவை மிகும்போது தகுதியைத் தளர்த்தும் எண்ணம் எழுவது எளிது. பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என ஆணை வந்தால், ஏற்கெனவே உள்ள ஆசிரியர் ஒருவரை இரண்டு நாள் வகுப்பிற்கு அனுப்பிவிட்டு, அவர் பெயரைப் படிவத்தில் நிரப்பி விடலாம். படிவம் நிறைந்துவிடும், மாணவரின் தேவை நிறையாது.

பயிற்சிக் குறைவின் விளைவு

ஆலோசனை என்பது ஆறுதல் கூறுதல் என்றும், அறிவுரை வழங்குதல் என்றும் பரவலாகக் கருதப்படுகிறது. அன்புள்ளம் கொண்ட எவரும் இதனைச் செய்யலாமே என்ற கேள்வியும் எழுகிறது. சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இதனை ஆராயலாம்.

விடுதி மாணவர் ஒருவர் ஒரு வாரமாகச் சரியாக உறங்கவில்லை. எனினும் களைப்பின்றிக் காணப்படுகிறார். விரைந்து பேசுகிறார், பெரிய திட்டங்களை அடுக்குகிறார், கையிலுள்ள பணத்தைச் செலவிடுகிறார். பயிற்சியற்றவர் இதனை இளமையின் ஊக்கம் எனப் பாராட்டி அனுப்பக்கூடும். பயிற்சி பெற்றவர், இது இருதுருவ மனநோயின் தொடக்கமாக இருக்கலாம் என ஐயுற்று, அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் சோர்வு, நாட்டமின்மை, உடல் எடை கூடுதல் எனக் கூறி வருகிறார். மாதக்கணக்கில் பேசியும் பயனில்லை. தைராய்டு சுரப்பியின் குறைபாடும் இவ்வறிகுறிகளைத் தோற்றுவிக்கும் என்பதை அறிந்த ஆலோசகர், முதற் சந்திப்பிலேயே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கூறியிருப்பார்.

மூன்றாமவர் ஓர் இளைஞர். "இனி இருந்து என்ன பயன்" என்று பேச்சினிடையே ஒரு சொல் விடுகிறார். தற்கொலை எண்ணம் உண்டா எனக் கேட்டால் அவ்வெண்ணத்தைத் தாமே விதைத்ததாகிவிடுமோ என அஞ்சிப் பயிற்சியற்றவர் பேச்சை மாற்றிவிடுகிறார். நேரிடையாகவும் பரிவுடனும் கேட்பதனால் அவ்வெண்ணம் மிகுவதில்லை என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. அவ்வாறு கேட்கவும், கேட்டபின் செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் பயிற்சி தேவை. அன்புள்ளம் மட்டும் அதனைக் கற்றுத் தருவதில்லை.

சட்ட அறிவும் இவற்றுடன் சேர்ந்தது. கூறியதை மறைவாகக் காத்தல் ஆலோசகரின் முதற் கடமை. ஆயினும், குழந்தை ஒன்று பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல்துறைக்கோ, சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தல் கட்டாயமாகும். தவறினால் தண்டனை உண்டு. மறைவு காப்பதற்கும் தெரிவிப்பதற்கும் இடையிலான எல்லை எது, அதனைக் குழந்தையிடம் எவ்வாறு முன்கூட்டியே விளக்குவது என்பன பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

சட்டத்தில் இருந்த இடைவெளி

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மருத்துவ உளவியலர், மறுவாழ்வு உளவியலர் உள்ளிட்ட பிரிவினருக்கு மையப் பதிவேட்டை ஏற்படுத்தியது. பதிவின்றி அப்பணியை மேற்கொள்வோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலப் பணி வல்லுநர் எவர் என வரையறுத்தபோது, மனநல மருத்துவர், மருத்துவ உளவியலர், உளநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் முதலியோரைக் குறிப்பிட்டது. பொதுவான ஆலோசகர் இவ்விரு சட்டங்களின் வரம்பிற்கும் பெரும்பாலும் வெளியே நின்றார். மருத்துவ உளவியலர் எனப் பதிவின்றிச் சொல்லிக்கொள்வது குற்றம். ஆலோசகர் எனச் சொல்லிக்கொள்வதற்குத் தடையில்லை என்ற நிலை இதனால் நீடித்தது.

இவ்விடைவெளியை நிரப்பும் வாய்ப்பை, துணைநல மற்றும் நலப்பணி வல்லுநர்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம் அளித்துள்ளது. அதன் அட்டவணையில் நடத்தைசார் நலவியல் வல்லுநர் என்னும் பிரிவு உள்ளது. மறுவாழ்வு மன்றத்தின் கீழ் வரும் மருத்துவ உளவியலர் நீங்கலான உளவியலர்களும், பல்வகை ஆலோசகர்களும், சமூகப் பணியாளர்களும், மனநல ஆதரவுப் பணியாளர்களும் அப்பிரிவில் அடங்குவர். துணைநலப் பணியாளராவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்திற்குக் குறையாத படிப்பும், நலப்பணி வல்லுநராவதற்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரத்திற்குக் குறையாத படிப்பும் வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கிறது. மத்தியப் பதிவேட்டிற்கும் மாநிலப் பதிவேடுகளுக்கும் அது வழிவகுக்கிறது.

சட்டம் பிறந்தவுடன் பயன் விளைந்துவிடுவதில்லை. மாநில மன்றங்கள் அமைவதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2024 ஆகஸ்டில், இரண்டு மாதங்களுக்குள் சட்டத்தைச் செயற்படுத்துமாறு மத்திய, மாநில அரசுகளைப் பணித்தது. 2025 ஏப்ரலில் வெளியிடப்பட்ட பத்துப் பிரிவுகளுக்கான பாடத்திட்டங்களுள் பயன்பாட்டு உளவியலும் நடத்தைசார் நலவியலும் இடம்பெற்றன. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இச்சட்டத்தின் கீழ் வரும் உளவியல் முதலிய படிப்புகளைத் தொலைநிலைக் கல்வி வாயிலாகவும் இணைய வழியாகவும் நடத்துவதற்குத் தடை விதித்தது. அடித்தளம் இடப்பட்டுவிட்டது. அதன்மேல் எழும்புவது எத்தகைய கட்டடம் என்பதே இனி முடிவாக வேண்டியது.

மேற்பார்வையே பயிற்சியின் மையம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. எதிரில் ஒருவர் அமர்ந்து அழும்போது அமைதி காப்பது எவ்வளவு நேரம், எப்போது கேள்வி எழுப்புவது, எச்சொல் அவரைப் புண்படுத்தும் என்பவை நூலில் படித்து வருவன அல்ல. பயிற்சியாளர் தாம் நடத்திய சந்திப்பை மூத்தவரிடம் விவரித்து, தவறிய இடங்களை அறிந்து, அடுத்த சந்திப்பில் திருத்திக்கொள்ளும்போதே திறன் வளர்கிறது.

இதனை அறிந்தே பிற நாடுகள் உரிம முறையை வகுத்தன. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1976-இல் ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. கடைசி மாநிலமான கலிபோர்னியா 2009-இல் இயற்றியது. எல்லா மாநிலங்களும் இணைய 33 ஆண்டுகள் ஆயின. அங்கு அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பில் 100 மணி நேரத் தொடக்கச் செய்முறையும், 600 மணி நேரக் களப்பயிற்சியும் அடங்கும். பட்டம் பெற்ற பின்னரும் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றி, தேர்வு எழுதிய பின்னரே தனித்து இயங்கும் உரிமம் கிடைக்கிறது. பட்டத்திற்கும் உரிமத்திற்கும் இடையே அமைந்த இக்காலமே அம்முறையின் வலிமையாகும்.

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு நடத்திய வழிகாட்டுதல் மற்றும் ஆலோசனைப் பட்டயப் படிப்பு, ஆறு மாதத் தன்கற்றல், மூன்று மாத நேர்முக வகுப்பு, மூன்று மாதக் களப்பயிற்சி என வகுக்கப்பெற்றது. படிப்பின் காற்பகுதியைக் களத்திற்கு ஒதுக்கிய இம்முறை, உளநலப் பணிக்கான நீண்ட படிப்புகளிலும் பின்பற்றத்தக்கது.

பயிற்சியில் மொழிக்கும் உரிய இடம் வேண்டும். பாடநூல்களும் வினாப் பட்டியல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. உதவி நாடி வருபவரோ "நெஞ்சு படபடக்கிறது", "மனசே சரியில்லை" என்கிறார். வட மாநிலத்தவர் "கப்ராஹட்" என்னும் ஒரே சொல்லில் அச்சத்தையும் பதற்றத்தையும் நெஞ்சுத் துடிப்பையும் அடக்கிவிடுகிறார். இச்சொற்களின் பொருளை உணர்ந்து கேட்கும் திறன், வட்டார மொழியில் நடக்கும் மேற்பார்வையினால் மட்டுமே வரும்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

தரத்தை உயர்த்தினால் ஆலோசகர்களின் எண்ணிக்கை குறையும், கட்டணம் உயரும், சிற்றூர் மக்களுக்கு இப்போது கிடைக்கும் சிறு உதவியும் கிட்டாமற் போகும் என்பது மறுதரப்பார் வாதம். இதனை எளிதில் ஒதுக்குதல் தகாது. பட்டதாரிகள் நகரங்களிலேயே தங்கிவிடும் நாட்டில் இது மெய்யான கவலையே.

கோவாவில் சங்கத் என்னும் தன்னார்வ நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு இக்கவலைக்கு விடை காண உதவுகிறது. மனநலத்துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, மனச்சோர்வுக்கு ஆளானோருக்கு உதவப் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஒவ்வொருவருக்கும் ஆறு முதல் எட்டு சந்திப்புகள் வரை அமைந்தன. மூன்று மாதங்களின் முடிவில், இவ்வுதவி பெற்றோருள் 64 விழுக்காட்டினர் நோய்க்குறி நீங்கப் பெற்றனர். வழக்கமான சிகிச்சையை மேம்பட்ட முறையில் பெற்றோருள் 39 விழுக்காட்டினரே அந்நிலையை எய்தினர். 2017-இல் தி லான்செட் மருத்துவ இதழ் இம்முடிவுகளை வெளியிட்டது.

பட்டம் தேவையில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. உண்மையில் இது மேற்பார்வையின் தேவைக்கே சான்றாகும். அப்பணியாளர்களின் பணி எல்லை குறுகியது, தெளிவானது. செய்ய வேண்டியவை கையேட்டில் வரையறுக்கப்பட்டிருந்தன. சந்திப்புகள் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, குழுவாகக் கேட்டு மதிப்பிடப்பட்டன. தனியே பலகை மாட்டி, எல்லாச் சிக்கல்களுக்கும் தீர்வு கூறுவோருக்கும் இவர்களுக்கும் ஒப்புமை இல்லை.

எனவே உரிமம் ஒரே படியாக இல்லாமல் மூன்று படிகளாக அமைதல் பொருத்தமாகும். முதற்படியில், வரையறுத்த பணிகளை மட்டும் மேற்பார்வையின் கீழ்ச் செய்யும் ஆதரவுப் பணியாளர் இருப்பர். இரண்டாம் படியில், உரிய பட்டமும் களப்பயிற்சியும் பெற்றுத் தனித்து இயங்கும் ஆலோசகர் இருப்பர். மூன்றாம் படியில், பல்லாண்டு அனுபவத்துடன் மேற்பார்வைக்கென்றே தனிப் பயிற்சி பெற்றோர் இருப்பர். ஒவ்வொரு படியினரும் தம் படிக்குரிய பெயரையே பயன்படுத்துதல் வேண்டும். சிற்றூரிலிருந்து வரும் ஆதரவுப் பணியாளர் அடுத்த படிக்கு உயர்வதற்கான வழியும் திறந்திருத்தல் வேண்டும்.

இப்போது பணியில் உள்ளோரைக் குறித்தும் சிந்தித்தாக வேண்டும். முறையான பட்டமின்றி இருபது ஆண்டுகள் திறம்படப் பணியாற்றியவர்களும் உள்ளனர். அவர்களை ஒரே நாளில் வெளியேற்றுதல் நீதியும் ஆகாது, நன்மையும் பயவாது. எல்லோரையும் கேள்வியின்றிப் பதிவு செய்தாலோ பதிவேட்டின் மதிப்பு முதல் நாளிலேயே குன்றிவிடும். குறித்த கால வரம்பிற்குள் நேர்முகத் திறனாய்வுக்கு உட்பட்டு, குறையுள்ள பகுதிகளில் பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொள்ள வாய்ப்பளிப்பதே நடுநிலையான வழி. புதுப்பித்தலின்றி நிலைத்து நிற்கும் உரிமமும் பயன் தராது. தொடர்கல்வியும், முறையீடுகளை விசாரிக்கும் ஏற்பாடும், தவறிழைத்தோரின் பதிவை நீக்கும் அதிகாரமும் உடன் அமைந்தாலன்றி உரிமம் நம்பிக்கைக்கு உரியதாகாது.

அலுவலரும் மாணவரும் செய்யத்தக்கவை

சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆலோசகர் பணியிடத்திற்கு விளம்பரம் தயாரிக்கும் அலுவலர், பட்டத்தின் பெயருடன் மேற்பார்வையில் பெற்ற களப்பயிற்சியின் மணி நேரத்தையும் தகுதியாகச் சேர்க்கலாம். நேர்முகத் தேர்வில், உதவி நாடி வருபவராக ஒருவரை நடிக்கச் செய்து, விண்ணப்பதாரர் எவ்வாறு கேட்கிறார் என்பதை மதிப்பிடலாம். ஆலோசகரை அமர்த்தும் ஆணையிலேயே அவருக்கு மேற்பார்வையாளர் எவர், அவசர நிலையில் அனுப்ப வேண்டிய மருத்துவமனை எது என்பவற்றையும் குறிப்பிடலாம். மறைவாகப் பேசுவதற்கு ஒரு தனி அறையை ஒதுக்குவதும் தரத்தின் பகுதியே. ஆசிரியர் ஓய்வறையின் மூலையில் அமர்த்தப்பெற்ற ஆலோசகரிடம் எம்மாணவரும் மனம் திறப்பதில்லை.

இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர், படிப்பில் சேருமுன் சில வினாக்களை எழுப்புதல் நன்று. இப்படிப்பு ஆணையத்தின் அல்லது மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பைப் பெற்றதா? களப்பயிற்சி எங்கே, எத்தனை மணி நேரம்? மேற்பார்வையாளர் ஒருவரின் பொறுப்பில் எத்தனை மாணவர்? இவற்றிற்குத் தெளிவான விடை தராத நிறுவனம், எவ்வளவு அழகிய சான்றிதழை வழங்கினும், ஆலோசகரை உருவாக்குவதில்லை.

ஒருவர் மனநல உதவி நாடி முதன்முறை கதவைத் தட்டுவதற்குப் பெருந்துணிவு தேவைப்படுகிறது. குடும்பத்தார் என்ன நினைப்பரோ, ஊரார் என்ன சொல்வரோ என்ற தயக்கத்தைக் கடந்தே அவர் வருகிறார். அம்முதல் சந்திப்பில் புண்பட்டுத் திரும்புபவர் மீண்டும் எக்கதவையும் தட்டாமலே போகக்கூடும். கதவின் மறுபுறம் அமர்ந்திருப்பவர் தகுதியுடையவர் என்று அரசும் சமூகமும் அவருக்கு அளிக்கும் உறுதிமொழியே உரிமம். அவ்வுறுதிமொழியை மெய்யாக்கும் பொறுப்பு, பாடத்திட்டம் வகுப்போர் முதல் பணி ஆணையில் கையெழுத்திடுவோர் வரை அனைவரையும் சார்ந்ததாகும்.